ஈரலும் பாவற்காயும்

டொரீனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று கமலாம்பிகை பாவற்காய்க் கறி வைத்தாள். உப்பில் பிரட்டிப் பிழிந்து கசப்பை இறக்கவில்லை. தேங்காய்ப்பால் விடவில்லை. வெறுமனே அவித்து, குழைந்த சோற்றோடு சேர்த்துக் களிபோல மசித்து, ஒரு கோப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள்.

டொரீன் வெள்ளைக்காரி. வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கமலாம்பிகையின் சித்தப்பா இராசரத்தினத்தின் மனைவி. சித்தப்பா இரண்டு வருடத்துக்கு முன்பு போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு இனி இவரை யார் பார்ப்பது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, சித்தப்பாவின் பக்கத்து உறவெல்லாம் ஆளையாள் பார்த்தது. கமலாம்பிகைதான், "நான் வைச்சிருக்கிறன்" என்றாள்.

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் அவள் இருந்த கட்டடத்தில் அந்தச் செய்தி எலிவேற்றரிலேயே எல்லா மாடிக்கும் ஏறி இறங்கியது. பக்கத்து வீட்டு யூஜினி வாசல்வரை வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்த தாயையே ஹோமில கொண்டுபோய் விடுற காலம். நீர் ஒரு வெள்ளைக்கார மனிசியை வீட்டில வைச்சுப் பாக்கப்போறீர். உமக்குக் கோயில் கட்டவேணும் கமலா."

"வேற ஆர் அன்ரி பாக்கிறது? என்னை வளர்த்த மனிசியெல்லோ."

வளர்த்த மனிசி என்பது பொய்யில்லை.

முதல் கரண்டியை வாயில் வாங்கிய டொரீன் முகத்தைச் சுளித்து நாக்கால் வெளியே தள்ளினாள்.

"இது என்ன பாம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கமலாம்பிகை என்ற பெயர் வாயில் வராது என்று டொரீன் அவளுக்கு வைத்த பெயர் பாம்.

"சாப்பாடு."

"கசக்கிறது."

"இந்த வீட்டில் முன்னால் வைத்ததைத்தான் சாப்பிட வேண்டும்" என்றாள் கமலாம்பிகை.

அது டொரீனுடைய வசனம். அவளுடைய உச்சரிப்பிலேயே, அவள் இழுக்கிற இடத்தில் இழுத்து, கமலாம்பிகை அதைத் திருப்பிச் சொன்னாள். டொரீனுக்கு அது தன்னுடையது என்று தெரியவில்லை. பசித்திருந்ததால் இரண்டு வாய் விழுங்கினாள். பிறகு தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கமலாம்பிகை வற்புறுத்தவில்லை. கோப்பையை மூடி ஃபிரிஜ்ஜில் வைத்தாள். பின்னேரம் அதையே, சூடாக்காமல், திரும்பக் கொண்டுவந்தாள்.

*

கமலாம்பிகை இங்கிலாந்துக்குப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. 1986ஆம் ஆண்டு. ஊரில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன தகப்பன் திரும்பி வரவில்லை. பெண்பிள்ளையை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று தாய் நின்றாள். தகப்பனின் தம்பி இராசரத்தினம் வட இங்கிலாந்தில், பருத்தி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த ஒரு சிறிய நகரத்தில் இருந்தார். கணக்கியல் படிக்கப் போனவர். படிப்பு சரிவரவில்லை. தான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரியின் மகளைக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டினார்.

முட்டைகூட அடுப்படிக்குள் வராத வீட்டில் வளர்ந்த பிள்ளை அவள். வந்து இறங்கிய அன்று டொரீன் மேசையில் வைத்தது ஈரலும் வெங்காயமும். கறுத்து, விளிம்பு சுருண்டு, சவர்க்காரக் கட்டிபோல வெட்டுப்பட்ட ஒரு துண்டு. பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. பிள்ளை உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிட்டது. ஈரலின் சாறு பட்ட இடத்தை ஒதுக்கிவிட்டது.

"சித்தப்பா, இது மச்சமே?" என்று கேட்டாள்.

இராசரத்தினம் தன் தட்டைப் பார்த்தபடியே, "சாப்பிடு பிள்ளை" என்றார்.

"என்ன கேட்கிறாள் ரே?" என்றாள் டொரீன். அவருக்கும் அவள் ஒரு சின்னப் பெயர் வைத்திருந்தாள்.

"இறைச்சியா என்று கேட்கிறாள்."

"அரசியா இவள்? இந்த வீட்டில் முன்னால் வைத்ததைத்தான் சாப்பிட வேண்டும்."

அடுத்த நாள் காலையில் அதே தட்டு வந்தது. மத்தியானமும் வந்தது. ஈரலைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. மத்தியானம் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை விழுங்கினாள். விழுங்கியது அப்படியே தட்டிலேயே திரும்பி வந்தது. டொரீன் எழுந்து வந்து, முள்ளுக்கரண்டியால் வாந்தியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"இன்னும் பாதி அப்படியே நல்லாய்த்தான் இருக்கிறது" என்றாள்.

அந்த மற்றப் பாதியைச் சாப்பிடும்வரை பிள்ளையை மேசையை விட்டு எழும்ப விடவில்லை.

அந்த வீட்டில் கிழமைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஞாயிறு ஒரு சின்ன மாட்டிறைச்சித் துண்டை அவண் அடுப்பில் வேகவைப்பார்கள். திங்கள் அதில் மிஞ்சியது, குளிராக. செவ்வாய் கொத்திறைச்சி. புதன் ஈரல். வியாழன் மாட்டுக் குடல். துவாயைப் போலத் துளைதுளையாக, வெள்ளையாக, பாலிலும் வெங்காயத்திலும் கொதித்து வரும். வெள்ளி மீன். சனிக்கிழமை கசாப்புக்கடையில் மிஞ்சிக் கிடந்தது எதுவோ அது: பன்றிக் கால், ஆட்டு இருதயம், நாக்கு, இரத்தத்தைப் பன்றிக் கொழுப்போடு அடைத்த கறுத்தக் குழல். காலையில் பாணுக்கு பட்டர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இறைச்சியில் வடிந்து உறைந்த கொழுப்பைத்தான் பூசுவார்கள்.

டொரீன் பிள்ளையை வஞ்சிக்கவென்று இவற்றைச் சமைக்கவில்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் சாப்பாடு. அவளுடைய தாயும் இதைத்தான் சமைத்தாள். ஆனால் பிள்ளை படுகிற பாட்டைப் பார்ப்பதில் டொரீனுக்கு ஒரு விருப்பம் வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் அவளுடைய தம்பி கென் சாப்பிட வருவான். நாக்குச் சமைக்கிற நாளில் அதை வெட்டாமல் முழுசாகப் பிள்ளையின் முன்னால் வைக்கச் சொல்லுவான். தோல் உரித்த மாட்டு நாக்கு, நுனி சற்று மேலே வளைந்தபடி, தட்டை நிறைத்துக்கொண்டு கிடக்கும். கென் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, தன் நாக்கை முழுதும் வெளியே நீட்டி, மாடு மாதிரிக் கத்துவான். டொரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

சித்தப்பாவும் சிரிப்பார். முதலில் மனைவியின் முகத்தைப் பார்ப்பார், பிறகு சிரிப்பார். மற்ற எல்லாவற்றையும் விட அந்தச் சிரிப்புத்தான் கமலாம்பிகைக்குள் ஆழமாய்ப் போய் இருந்தது.

தாய் எப்போதாவது கொழும்புக்கு வந்து ஒரு தெரிந்தவர் வீட்டிலிருந்து ரெலிஃபோன் எடுப்பாள். சித்தப்பா மணிக்கூட்டைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்பார்.

"என்ன பிள்ளை சாப்பிட்டனி?"

"சோறு."

"என்ன கறி?"

"பருப்பும் கத்தரிக்காயும்."

"சித்தி நல்லாச் சமைப்பாவோ?"

"ஓம் அம்மா."

அடுப்பில் மாட்டுக் குண்டிக்காய், அதன் சிறுநீரகம், வெந்துகொண்டிருக்கும். வீடு முழுக்க மூத்திர நெடி அடிக்கும்.

"வெள்ளைக்கார மனிசியாய் இருந்தும் என்ர பிள்ளைக்கு மச்சம் குடுக்காம வைச்சிருக்கிறா. அவவுக்குப் புண்ணியம் கிடைக்கும்" என்பாள் தாய்.

பிள்ளை "ஓம்" என்று சொல்லும். சில வருடங்களில் தாய், இடம்பெயர்ந்து போய் இருந்த ஒரு கொட்டிலில், காய்ச்சல் வந்து செத்துப்போனாள். மகள் சைவமாக இருக்கிறாள் என்றுதான் நம்பிக்கொண்டு செத்தாள்.

இதெல்லாம் கொடுமைதான். ஆனால் கமலாம்பிகை தன் வாழ்நாளில் யாருக்கும் சொல்லாதது வேறொன்று. பன்னிரண்டு வயதில், நல்ல குளிர்காலத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து நடுங்கிக்கொண்டு வந்த ஒரு நாள், டொரீன் குண்டிக்காய்ப் புடிங் அவித்திருந்தாள். மாவையும் மாட்டுக் கொழுப்பையும் பிசைந்து, உள்ளே இறைச்சியும் குண்டிக்காயும் வைத்து, சீலையில் கட்டி மணிக்கணக்காய் அவிக்கிற சாமான். கரண்டி பட்டதும் அது வெடித்து, கறுத்தக் குழம்பு ஆவியோடு வழிந்தது. பிள்ளை தன் பங்கைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு தட்டை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா ஆன்ரி?"

டொரீன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"பார்த்தாயா ரே? நான் சொன்னேனா இல்லையா?"

இராசரத்தினத்தின் முகம் அப்படியே தெளிந்தது. தன் பாவம் யாவும் தீர்ந்துபோன மாதிரி அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிள்ளை குளியலறைக்குப் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வயிறு விட்டுக்கொடுக்கவில்லை. அது டொரீனின் பக்கம் போய்விட்டது.

*

கனடாவுக்கு அவள் கலியாணமாகி வந்தாள். மாப்பிள்ளை ஸ்ரீஸ்கந்தராசா, சுத்தச் சைவக் குடும்பம். "இங்கிலாந்தில வளர்ந்த பிள்ளை, மச்சம் மாமிசம் பழகியிருக்குமோ?" என்று மாமியார் கேட்டபோது, "இல்லை மாமி, நான் பிறவியிலேயே சைவம்" என்று சொன்னாள். தாய்க்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள். ஒரு மகள் பிறந்தாள், மயூரி. சில வருடங்களில் ஸ்ரீஸ்கந்தராசா ட்ரக் ஓட்ட மேற்குப் பக்கம் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். மாமியாரும் போய்ச் சேர்ந்தார். வீட்டுச் சமையல் மட்டும் சைவமாகவே நின்றது. மயூரியும் அப்படியே வளர்ந்தாள்.

கமலாம்பிகை ஸ்கூல் பஸ் ஓட்டினாள். காலை ஓட்டம் முடிந்து பின்னேர ஓட்டம் தொடங்கும்வரை நேரம் அவளுடையது. கிங்ஸ்ரன் றோட்டில் பழைய பிரிட்டிஷ்காரர் ஒருவரின் சின்னக் கடை ஒன்று இருந்தது. குண்டிக்காயைப் பேஸ்ற்றி மாவுக்குள் வைத்துச் சுட்ட பை சுடச்சுட விற்பார்கள். அவள் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், ஒரு பிளாசாவின் பின்பக்கம் பஸ்ஸை நிறுத்தி, பிள்ளைகள் இல்லாத மஞ்சள் பஸ்ஸில் தனியே இருந்து சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்ததும் ஏலக்காயை வாயில் போட்டுக் கொள்ளுவாள். கிழமையில் ஒரு நாள் என்று தொடங்கியது, பிறகு அனேகமாக ஒவ்வொரு நாளும் ஆனது. சாப்பிடும்போது அவளுக்கு டொரீனின் மேல் கோபம் கோபமாக வரும். ஆனாலும் கடைசித் துண்டுவரை சாப்பிடுவாள்.

ஓய்வுபெற்ற பிறகு சித்தப்பாவும் டொரீனும் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். சாகமுன் நாலு தமிழ்ச் சனத்தோடு கதைக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். கதைத்தார். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கமலாம்பிகையைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அந்த நேரம் எனக்கு வேற வழி இருக்கேல்லைப் பிள்ளை."

"என்னத்துக்கு வழி சித்தப்பா?"

"டொரீனைப் பாத்துக்கொள்" என்று மட்டும் சொன்னார்.

"வடிவாப் பாப்பன்" என்றாள் அவள்.

*

பக்கவாதத்துக்குப் பிறகு டொரீனை வீட்டுக்கு விடும்போது, விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் கமலாம்பிகையை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: இவருடைய தொண்டை பாதி வேலை செய்யவில்லை, எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்கவேண்டும், இறைச்சித் துண்டு, பேஸ்ற்றி, பாண் எதுவும் வாய்க்குள் போகக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கமலாம்பிகை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் மசித்துத்தான் கொடுத்தாள். ஒரு நாளும் தவறவில்லை.

ஆனால் அந்தக் காரணத்தை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. டொரீனுக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. "இது சைவ வீடு" என்பதையே சொன்னாள். தொண்டை விழுந்துபோனதால் இறைச்சி இல்லை என்றால், மறுப்பது டொக்டர். அப்படி விட அவளுக்கு மனமில்லை. மறுப்பது தானாக இருக்கவேண்டும்.

டொரீன் கெஞ்சினாள். முதலில் ஒரு முட்டைக்கு. பிறகு ஒரு துண்டு ஈரலுக்கு. பாவற்காய் இல்லாத நாளில் வல்லாரை, அகத்தி, வேப்பம்பூ வடகம் கரைத்த சொதி என்று, கைக்கிற சாமான் எது கடையில் உண்டோ அது வந்தது. சாப்பிடாதது அடுத்த நேரமும் வந்தது. மெலிந்துகொண்டு போனாள். யூஜினி எட்டிப் பார்த்து, "பாவற்காய் சீனி வருத்தத்துக்கு நல்லது. இந்த மனிசி குடுத்துவைச்சது" என்றுவிட்டுப் போனாள்.

ஒரு மத்தியானம் கமலாம்பிகை கட்டிலோரம் குனிந்தபோது டொரீனின் மூக்கு விரிந்தது. நல்ல கையால் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள்.

"பாம், நீ குண்டிக்காய் சாப்பிட்டிருக்கிறாய்."

இத்தனை வருடத்தில் இங்கே ஒருவரும் கண்டுபிடிக்காத விடயம்.

"ஓம். சாப்பிட்டேன்."

"எனக்கு?"

"இது சைவ வீடு."

கிழவியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுவாள் என்று கமலாம்பிகை காத்திருந்தாள். டொரீன் அழவில்லை.

"பேஸ்ற்றி மொறுமொறுவென்று இருந்ததா?" என்று கேட்டாள். "இல்லாவிட்டால் அடியில் நனைந்து போய்விட்டதா?"

"மேலே மொறுமொறு. அடியில் குழம்பு ஊறி மெத்தென்று."

"ம்."

"முதல் கடியில் ஆவி வந்து மூக்கில் அடித்தது. குண்டிக்காய் நல்ல பிஞ்சு. மிளகு தூக்கலாக இருந்தது."

டொரீனின் வாய் தானாகத் திறந்தது. கமலாம்பிகை அதற்குள் ஒரு கரண்டி பாவற்காயை வைத்தாள். டொரீன் விழுங்கினாள். கமலாம்பிகை இன்னும் கொஞ்சம் சொன்னாள். டொரீன் இன்னொரு வாய் திறந்தாள். கோப்பை வெறுமையாகும்வரை இது நடந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் இப்படித்தான். கமலாம்பிகை பையைச் சாப்பிட்டுவிட்டு வந்து, சாப்பிட்டதைக் கடி கடியாகச் சொல்லி, கைக்கிற கஞ்சியைக் கரண்டியால் தீத்தினாள். டொரீனின் உடம்பு தேறியது. வீட்டுக்கு வந்த நேர்ஸ் சந்தோஷப்பட்டாள். கமலாம்பிகையும் அந்த மத்தியானத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். வரும் வழியில் எந்தச் சொல்லைச் சொன்னால் கிழவிக்குக் கூடுதலாக எச்சில் ஊறும் என்று யோசித்து வைத்துக்கொண்டு வந்தாள்.

சில நாட்களில் டொரீனும் தன் கதையைச் சொல்லுவாள். சந்தையில் ஒரு கிழவன் குடலை வினாகிரி ஊற்றிக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பான், நின்றபடியே தின்பார்கள். அப்பாவுக்குத்தான் இறைச்சி, பிள்ளைகளுக்குக் குழம்பில் தோய்த்த பாண் கரை. அம்மா கடைசியாக உட்காருவாள், ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"நீ நல்லாய்ச் சாப்பிடுகிற பிள்ளை பாம்" என்றாள் ஒரு நாள். "முதலில் கொஞ்சம் அடம்பிடித்தாய். பிறகு உன் வயிற்றை நிரப்பவே எனக்கு ஏலாமல் போனது. நான் உன்னை நல்லாய் வளர்த்தேன், இல்லையா?"

"நாக்கு ஞாபகம் இருக்கா ஆன்ரி?"

டொரீனின் முகம் மலர்ந்தது. "கென்! ஐயோ, அவன் ஒரு பகிடிக்காரன்!" என்று சொல்லி, பாதி முகத்தால், சத்தம் போட்டுச் சிரித்தாள்.

அடுத்த நாள் கமலாம்பிகை பாவற்காயின் விதையையும் எடுக்காமல் அவித்து அரைத்தாள்.

*

மயூரி இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை. வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு நாள் தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கதவடியில் வந்து நின்றாள்.

"அம்மா, வட் ஆர் யூ டூயிங்?"

"சாப்பாடு தீத்திறன்."

"அவவுக்குப் பாவக்காயைத் தீத்திக்கொண்டு பையைப் பற்றிக் கதை சொல்லுறீங்கள். அவ அழுறா, பாக்கேல்லையா?"

"அது கண்ணில வாற தண்ணி. ஸ்ரோக் வந்தாக்களுக்கு அப்பிடித்தான்."

மயூரி தாயைக் குசினிக்குக் கூப்பிட்டாள்.

"நீங்கள் மீற் சாப்பிடுறனீங்களா?"

"வெளியில."

"அப்ப என்ர லைஃப் முழுக்க என்னை ஏன் சைவமா வைச்சிருந்தனீங்கள்?"

"உனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் எண்டுதான்."

மயூரிக்கு அது விளங்கவில்லை. "சரி, என்னை விடுங்கோ. அவ கேக்கிறதை ஒருக்கா வாங்கிக் குடுத்தா என்ன?"

"இது சைவ வீடு பிள்ளை. ஒரு நாளும் குடுக்கக்கூடாது. விளங்கிச்சோ?"

"தட்ஸ் இட்? அதுதான் ரீசனா?"

தொண்டையைப் பற்றிச் சொல்ல கமலாம்பிகைக்கு அந்த இடத்தில் வசதியாக ஒரு வாய்ப்பு வந்தது. அவள் மகளைப் பார்த்தாள். "அதுதான்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை கமலாம்பிகை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலுக்குப் போயிருந்தாள். மயூரி தேடிப் பிடித்து ஒரு குண்டிக்காய் பை வாங்கி வந்தாள். அதன் மணத்துக்கு மூக்கைச் சுருக்கிக்கொண்டு சூடாக்கினாள். கட்டிலில் டொரீனை நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தில் ஒரு துவாயைக் கட்டினாள். தட்டைப் பார்த்ததும் டொரீன் நல்ல கையால் அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கா? முழுவதும் எனக்கா?"

"ஆல் யோர்ஸ், கிரான்மா."

முதல் வாயைக் கிழவி நெடுநேரம் வாய்க்குள் வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது வாய் போனது. மூன்றாவதற்கு அவளே தன் நல்ல கையால் குண்டிக்காய்த் துண்டொன்றை எடுத்து அவசரமாக வாய்க்குள் திணித்தாள். அது இறங்கவில்லை. முகம் முதலில் சிவந்தது. பிறகு நீலம் பாரித்தது. மயூரி அவளுடைய முதுகில் அடித்தாள், வாய்க்குள் விரலை விட்டாள், கத்தினாள். யூஜினி ஓடிவந்து அம்புலன்சுக்கு அடித்தாள்.

வந்தவர்கள் துண்டை எடுத்தார்கள். மூச்சு வந்தது. ஆனால் சாப்பிட்டதில் ஒரு பங்கு சுவாசப்பைக்குள் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். கோவிலிலிருந்து நேரே வந்த கமலாம்பிகையின் நெற்றியில் திருநீறு இன்னும் கலையாமல் இருந்தது.

அங்கிருந்த நேர்ஸ் இருவரையும் பார்த்துக் கேட்டாள். "கெட்டியான சாப்பாடு கொடுக்கக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருப்பார்களே? இப்படி ஒருவருக்கு இறைச்சி கொடுத்தது யார்?"

மயூரி தாயின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒரு நாளும் குடுக்கக்கூடாது எண்டு சொன்னனான்தானே."

"சைவ வீடு எண்டுதானே சொன்னீங்கள்! சோக் பண்ணும் எண்டு சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பனா?"

கமலாம்பிகை மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பாரத்தில் பாதியை இறக்கியிருக்கலாம்.

"குடுத்தது நீ" என்றாள் கமலாம்பிகை.

டொரீன் ஒரு கிழமைகூட இருக்கவில்லை. கடைசிக்கு முந்தின நாள் சற்றுத் தெளிந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் கமலாம்பிகை, மறுபக்கம் மயூரி. டொரீன் கண்ணைத் திறந்து கமலாம்பிகையின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நல்ல பை, பாம்" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "என் அம்மா செய்த மாதிரி. நீ எனக்குத் தருவாய் என்று எனக்குத் தெரியும்."

மயூரி நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். தந்தது நானில்லை, இவள் என்று அம்மா சொல்லுவாள் என்று காத்திருந்தாள்.

கமலாம்பிகை கிழவியின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். "உங்களுக்குப் பிடித்ததே, அது போதும் ஆன்ரி" என்றாள்.

*

தகனத்துக்குச் சனம் நிறைய வந்தது. அனேகம் பேருக்கு டொரீனைத் தெரியாது. கமலாம்பிகைக்காக வந்தார்கள். யூஜினி எழுந்து நின்று, சொந்தத் தாய்க்கும் மேலாகப் பார்த்த பிள்ளை என்று சொல்லி அழுதாள். மயூரி கடைசி வரிசையில் இருந்தாள். அவள் கொடுத்த சாப்பாட்டில்தான் கிழவி போனது என்று கட்டடம் முழுக்கத் தெரிந்திருந்தது. ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. "அறியாப் பிள்ளை, அன்பிலதானே செய்தது" என்றார்கள். அது அவளுக்குக் குற்றம் சொல்வதைவிட மோசமாக இருந்தது.

அந்த மாதமே அவள் சென் ஜேம்ஸ் ரவுணில், கூட வேலை செய்கிற ஒருத்தியோடு ஒரு அறை எடுத்துக்கொண்டாள். உடுப்புகளை அடுக்கியபடியே, தாயைப் பாராமல் கேட்டாள்.

"அவவை ஏன் இஞ்ச கொண்டுவந்தனீங்கள்? ட்ரூத் சொல்லுங்கோ."

கமலாம்பிகை கதவில் சாய்ந்து நின்றாள். பிறகு முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். ஈரல், திரும்பத் திரும்ப வந்த தட்டு, நாக்கு, கென்னின் கத்தல், சித்தப்பாவின் சிரிப்பு, அம்மாவுக்குச் சொன்ன பருப்பும் கத்தரிக்காயும். நீட்டிய தட்டை மட்டும் சொல்லவில்லை. மயூரி கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்து அழுதாள்.

"ஐ ஆம் ஸோ ஸொறி, அம்மா. உங்களுக்கு இப்பிடியெல்லாம் நடந்தது எனக்குத் தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ ஸொறி சொல்லவேணும் எண்டுதான் வைச்சிருந்தனீங்களா?"

"ஓம். அப்பிடித்தான் நினைச்சன்."

"சொன்னாவா?"

"இல்லை. ஒவ்வொரு நாளும் பசிக்குது எண்டுதான் சொன்னவ."

"நீங்கள் கேட்டிருக்கலாம். ஏன் எனக்கு இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா சிரிச்சிருப்பா."

மயூரி எழுந்து சூட்கேசின் ஸிப்பை இழுத்தாள். "அது உங்களுக்கும் அவவுக்கும். அதுக்குள்ள என்னை ஏன் விட்டனீங்கள்?"

கமலாம்பிகை யோசித்தாள். உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"நீ அவவுக்குப் பாவம் பாத்தாய்" என்றாள். "எனக்கு அப்பிடி ஒருத்தரும் பாக்கேல்லை."

மயூரி சூட்கேசை உருட்டிக்கொண்டு போனாள். எலிவேற்றர் வரச் சுணங்கியது. வீட்டுக் கதவு திறந்தே கிடக்க, இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். அது வந்ததும் மயூரி ஏறினாள்.

இப்போது அவள் மாதத்தில் ஒரு நாள் ரெலிஃபோன் எடுக்கிறாள். குளிரைப் பற்றிக் கதைக்கிறார்கள். வேலை எப்படி என்று தாய் கேட்பாள். அறை சூடாக இருக்கிறதா என்று கேட்பாள். சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் கேட்பதில்லை. மயூரி ரெலிஃபோனை வைத்ததும் கமலாம்பிகை ஜாக்கற்றைப் போட்டுக்கொண்டு பஸ்ஸை எடுக்கப் போகிறாள். பிள்ளைகள் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வணக்கம் சொல்கிறாள். நல்ல ட்ரைவர் என்று பெற்றோர் சொல்கிறார்கள்.